கையுறையும் பலகாரத் தட்டும்: விழாக்காலக் கொடையின் வரலாறு

முன்னுரை

விழாவும் கொடையும் தமிழர் வாழ்வில் இணைந்தே வளர்ந்தவை. தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்திலும் கடைகள் நிரம்பி வழிகின்றன. பட்டியல் எழுதி, பை நிறைய வாங்கி, வீடு வீடாகக் கொடுத்து முடித்தபின் நம்மில் பலருக்கு எஞ்சுவது அயர்வே. யாருக்கு என்ன கொடுத்தோம் என்பது ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறது. நமக்கு வந்த பெட்டியைப் பிரிக்காமலே வேறொருவருக்கு அனுப்பிவைப்பதும் உண்டு.

இதைக் கண்டு, காலம் கெட்டுவிட்டது என்று வருந்தி அமைதல் எளிது. அவ்வாறு அமையுமுன், நம் முன்னோர் கொடுத்தலைப் பற்றி என்ன எண்ணினர், அவர்களுக்கும் இச்சிக்கல் இருந்ததா, மலாயாவுக்கு வந்த தமிழர் தம் விழாக்காலக் கொடையை எவ்வாறு காத்தனர், எங்கே மாற்றிக்கொண்டனர் என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்போம்.

கொடுத்தலுக்கு மூன்று சொற்கள்

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்று சொற்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது, கேட்பவர் தம்மினும் உயர்ந்தோரிடம் கேட்டால் 'ஈ' என்பார். தமக்கு ஒப்பானவரிடம் 'தா' என்பார். தம்மினும் தாழ்ந்தவரிடம் 'கொடு' என்பார். இம்மூன்றையும் இன்று நாம் ஒரே பொருளில் வழங்கினாலும், இலக்கண ஆசிரியர் கண்ட நுட்பம் கருதத்தக்கது. கைமாறும் பொருள் ஒன்றே ஆயினும், யார் யாரிடமிருந்து பெறுகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. கொடையைப் பொருளால் அளவாமல் உறவால் அளந்த ஒரு சமுதாயத்தின் தடம் இவ்விதியில் பதிந்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் வழங்கும் மற்றொரு சொல் 'கையுறை'. ஒருவரைக் காணச் செல்வோர் கையில் கொண்டுசெல்லும் அன்புப்பொருளே கையுறை. அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தழையாடையையும் மலரையும் கையுறையாகக் கொணர்கிறான். அதைத் தோழி எப்போதும் ஏற்றுக்கொள்வதில்லை. குறுந்தொகையின் முதற்பாடலில், தலைவன் கொணர்ந்த செங்காந்தள் மலரைத் தோழி மறுக்கிறாள். எங்கள் மலை முருகனுக்குரியது, இங்குக் காந்தள் குலைகுலையாய்ப் பூத்துக் கிடக்கிறது என்பது அவள் தரும் விடை. பெறுவோரிடம் நிறைந்திருப்பதையே கொண்டுவந்து நிற்கும் கொடையாளியின் நிலை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதை இதனால் அறிகிறோம்.

வரிசை அறிதல்

கொடைக்குப் புகழ்பெற்றவன் தகடூர் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி. பெறற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்த செய்தியைப் புறநானூற்றின் 91ஆம் பாடல் சொல்கிறது. பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த அந்நிகழ்ச்சியில் நாம் பெரும்பாலும் கவனியாத கூறு ஒன்று உண்டு. அக்கனி நீண்ட வாழ்நாளைத் தரும் என்பதை அதியமான் கொடுக்கும்போது சொல்லவில்லை. அதனைத் தன் நெஞ்சுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான். விலைச்சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுக் கொடுக்கும் பண்பு அது.

அதே அதியமான் ஒருமுறை புலவர் ஒருவரால் கடிந்துகொள்ளப்பட்டான் என்பது அத்துணைப் பரவலாக அறியப்படாத செய்தி. குன்றும் மலையும் கடந்து அவனைக் காணவந்த பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாமல், பரிசிலை மட்டும் அவன் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. முகம் காணாது தந்த பொருளைப் பெற்றுச்செல்ல நான் வணிகன் அல்லேன்; என்னை அறிந்து விரும்பித் தருவதாயின் தினையளவே ஆயினும் இனியது என்னும் கருத்தமைய அவர் பாடியது புறநானூற்றின் 208ஆம் பாடல். பரிசில் பெறாவிடில் வறுமையோடு திரும்பவேண்டிய ஒருவர் இவ்வாறு மறுத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் இழந்தது சிறிதன்று.

இக்கருத்தை மேலும் தெளிவாக்குபவர் கபிலர். மலையமான் திருமுடிக்காரியை நோக்கி, மிகுதியாகக் கொடுத்தல் எளிது, பெறுவோரின் வரிசை அறிதலே அரிது, ஆகவே எல்லாரையும் ஒன்றுபோல் நோக்குதலைக் கைவிடுக என்று புறநானூற்றின் 121ஆம் பாடலில் அவர் அறிவுறுத்துகிறார். 'வரிசை' என்பது இங்கு ஒருவரின் தகுதியையும் தரத்தையும் குறிக்கிறது. பின்னாளில் திருமணத்திலும் விழாவிலும் பெண்வீட்டார் கொண்டுசெல்லும் பொருள்கள் 'சீர்வரிசை' எனப்பட்டன. இன்றோ அச்சொல்லைக் கேட்டவுடன், பரிசு வாங்கிவிட்டுப் பணம் செலுத்தக் கடையில் நாம் நிற்கும் வரிசையே பலர் நினைவுக்கு வரும். ஒரு சொல்லின் பொருள்மாற்றத்துக்குள் ஒரு பழக்கத்தின் வரலாறே அடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம்.

ஈகையா, குறியெதிர்ப்பையா?

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனைய கொடை யாவும் குறியெதிர்ப்பையின் தன்மை உடையன என்று திருக்குறளின் ஈகை அதிகாரம் தொடங்குகிறது. குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுப்பது. ஆழாக்கு அரிசி கடன் வாங்கி ஆழாக்கு அரிசி திருப்பித் தருவதைப் போன்றது. அவ்வாறாயின், உறவினரும் நண்பரும் விழாக்காலத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது வெறும் கொடுக்கல் வாங்கல்தானா? மொய்க் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வழக்கத்தை நோக்கின், ஆம் என்றே சொல்லத் தோன்றும்.

ஆயினும் அதே சொல்லைப் பெருஞ்சித்திரனார் வேறொரு வெளிச்சத்தில் நிறுத்துகிறார். முதிரமலைத் தலைவன் குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்றுத் திரும்பிய அவர், தம் மனைவியிடம் அதனை எல்லார்க்கும் கொடுக்குமாறு கூறுவது புறநானூற்றின் 163ஆம் பாடல். உன்னை விரும்பி வாழ்வோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், சுற்றத்தின் பசி தீர முன்பு நமக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் கொடு. என்னைக் கேட்கவும் வேண்டா. சேர்த்துவைத்து வாழ்வோம் என்று எண்ணவும் வேண்டா என்கிறார். பசித்த நாளில் பிறர் அளந்து கொடுத்த உதவி அங்கு நினைக்கப்படுகிறது. அதற்கு ஈடாகத் திரும்பிச் செல்வதோ அளவற்றது. கணக்கில் தொடங்கிய உறவு கணக்கைக் கடந்துவிடுகிறது. விழாக்காலக் கொடையின் இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம். அது வறியவர்க்கு இடும் ஈகையும் அன்று, வணிகமும் அன்று. ஒருவரையொருவர் மறக்கவில்லை என்பதை ஆண்டுக்கொருமுறை உறுதிசெய்யும் செயல் அது.

கடல் கடந்த சீர்

தமிழகத்தில் தைப்பொங்கலுக்குத் திருமணமான மகள் வீட்டுக்குப் பிறந்தவீட்டார் பொங்கற்சீர் கொண்டுசெல்வர். புத்தரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைப்பழம், புதுப்பானை ஆகியவை அதில் இடம்பெறும். அவற்றுள் பெரும்பாலானவை அப்பருவத்தில் நிலம் விளைவித்தவை. புதுமணமக்களின் தலைத்தீபாவளிக்கும் இவ்வாறே புத்தாடையும் பலகாரமும் உரியவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழர் பெருந்தொகையினராக மலாயாவுக்கு வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்ற பின்னரும் கங்காணி முறை தொடர்ந்தது. பால்மரக் காடுகளை ஒட்டிய லயத்து வீடுகளில் குடியேறியவர்க்குத் தாய்மாமன் வீடும் பிறந்தகமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. சீர் கொண்டுவரவோ கொண்டுசெல்லவோ உறவினர் அருகில் இல்லாத இடத்தில், அடுத்த கதவுக்குரியவரே உறவினர் ஆயினர். உறவுமுறைக்கென அமைந்திருந்த கொடை அயலாரை நோக்கித் திரும்பியது.

அக்கொடையின் உருவமே பலகாரத் தட்டு. முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, அச்சுமுறுக்கு ஆகியவற்றை அடுக்கி, துணியால் மூடி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவர். கம்பத்து வீடுகளில் வாழ்ந்த நம் மூத்தோர் இதனை இன்றும் நினைவுகூர்வர். மாவு இடிப்பதும் சலிப்பதும் பிழிவதும் பல கைகள் கூடிச் செய்த வேலை. ஆகவே கொடை கொடுக்கப்படுவதற்கு முன்பே உறவு தொடங்கிவிட்டது. தட்டு திரும்பி வரும்போது வெறுமையாக வருவதில்லை. வேறொன்றும் இல்லையெனில் ஒரு பிடி சர்க்கரையேனும் அதில் இருக்கும். 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவாயிற்று. அத்தகைய ஆண்டுகளை ஒரு சமுதாயம் கடந்து வந்ததில், ஒரு பிடியையும் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்துக்குப் பங்குண்டு.

அண்டைவீட்டாரின் வரிசை

தமிழர் தட்டு தமிழர் வீட்டோடு நின்றுவிடவில்லை. மலாய்க்காரர் வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் சென்றது. நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் அவ்வீடுகளின் தட்டு நம்மிடம் வந்தது. நாம் அச்சுமுறுக்கு என்பதை மலாய் மொழியில் 'கூவே ரோஸ்' என்பர். நோன்புப் பெருநாள் மேசையிலும் சீனப் புத்தாண்டு மேசையிலும் அதே பூவடிவப் பலகாரத்தைக் காணலாம். சீனரின் சிவப்பு அங்பாவைக் கண்டு மலாய்க்காரர் பச்சை உறையை ஏற்றனர். தமிழரும் தீபாவளிக்கெனத் தனி உறைகளை அச்சிட்டுக்கொண்டனர். மலேசியாவின் திறந்த இல்ல உபசரிப்பு இப்பழக்கத்தின் விரிவே ஆகும்.

கபிலர் சொன்ன 'வரிசை அறிதல்' இந்நாட்டில் புதியதொரு கல்வி ஆயிற்று. தமிழர் மொய் எழுதும்போது நூற்றுடன் ஒன்று சேர்த்து 101 வைப்பர். எண்ணிக்கை முற்றுப்பெறாமல் வளரவேண்டும் என்பது கருத்து. சீனரோ மங்கல நிகழ்வுக்கு இரட்டைப்படையையே விரும்புவர். ஆரஞ்சுப் பழத்தையும் இணையாகவே கொடுப்பர். நான்கு என்னும் எண்ணைத் தவிர்ப்பர். கடிகாரத்தைப் பரிசளிப்பது அவர்கள் மொழியில் இறுதிச்சடங்கை நினைவூட்டும் ஒலியுடையது. மலாய் அண்டைவீட்டாருக்குக் கொடுப்பது ஹலால் ஆனதா என்று பார்த்தல் வேண்டும். இவற்றை நம் பாட்டியர் எந்நூலிலும் படித்தாரல்லர். தட்டு ஏந்திச் சென்ற வீடுகளில் கேட்டும் கண்டும் அறிந்தனர். தம்மினும் வேறான ஒருவரை உற்று நோக்கிய பழக்கமே அவர்களுடைய பாடநூல்.

அடுக்குமாடி வாழ்வில் இது தானாக நிகழ்வதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் பல இனத்தவரும் கலந்து வாழ 1989இல் சிங்கப்பூரில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. கதவுகளை அருகருகே அமைத்தல் கொள்கையால் இயலும். கதவைத் தட்டுதல் நம்மைச் சார்ந்தது.

நெல்வயல் இல்லாத நாட்டில் தை

தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சமய வேறுபாடு கடந்து தமிழர் அனைவரும் கூடுவதற்குப் பொங்கல் நாளை அவர் தேர்ந்தார். சிங்கப்பூரில் தை மாதத்தில் அறுவடை இல்லை.  பருவமே இல்லாத இடத்தில் பருவ விழா எவ்வாறு நிலைக்கும் என்று கேட்கலாம். அது நிலைத்ததற்கு, அவ்விழா வேண்டுவன சிலவே என்பதும் ஒரு காரணம். அரிசி, பால், வெல்லம், ஒரு கரும்பு, பால் பொங்கும்போது சூழ்ந்து நிற்கச் சிலர் ஆகியவை போதும். இன்றும் தை பிறக்குமுன் கேம்பல் லேன் பகுதியில் கரும்பும் பானையும் மஞ்சள் கொத்தும் விற்பனைக்கு வருகின்றன. நிலத்திலிருந்து பெறாத பருவத்தை நாம் மொழியிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் பெறுகிறோம்.

முடிவுரை

விழாக்காலக் கொடை பயனற்றுப் போகும் நிலை நம் காலத்தில் தொடங்கியதன்று. காந்தள் நிறைந்த மலைக்குக் காந்தளே வந்தது. கொடையிற் சிறந்த அதியமானும் ஒருமுறை முகம் காணாமல் கொடுத்தனுப்பினான். ஆனால் அன்று மறுத்துச் சொல்லத் தோழியும் புலவரும் இருந்தனர். இன்று நாம் நன்றி கூறிப் பெற்றுக்கொண்டு பேசாதிருக்கிறோம். நாம் இழக்கக்கூடியது பலகாரமோ பணமோ அன்று. இன்னாருக்கு இன்னது தகும் என்று அறியும் அளவுக்கு ஒருவரை அறிந்திருக்கும் பழக்கமே இழப்புக்கு உள்ளாகி நிற்கிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதில் தொடங்கலாம். வரும் விழாவுக்கு முன், மாணவர் தம் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் இளமையில் எவ்வீடுகளுக்குத் தட்டு சென்றது, என்ன திரும்பி வந்தது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவரட்டும். எழுதிய அப்பக்கத்தைக் கேட்டறிந்த அம்மூத்தோரிடமே விழாநாளில் கொடுக்கட்டும். அதற்குப் பொருட்செலவு இல்லை. அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் இயலாது. பெருஞ்சித்திரனார் வேண்டிய தினையளவு கொடை அதுவாக இருக்கும்.