கல்வராயன் மலை: ஜாகிர் காலமும் அருவிப் பயணமும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பெரும்பாலும் பரவியுள்ளது. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றுடன் சேர்ந்து வடக்கே பாலாற்றுப் படுகையையும் தெற்கே காவிரிப் படுகையையும் பிரிக்கிறது. இதன் பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் அழைக்கப்படுகின்றன. சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் 2,700 அடி. பெரிய கல்வராயன் 4,000 அடி வரை உயர்கிறது. ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இது கல்ராயன் மலை எனக் குறிக்கப்படுகிறது.

ஏற்காட்டைப் போலவே அருவிகளும் குளிர்ந்த காற்றும் உள்ள இந்த மலை ஒரு கோடைவாசத்தலமாக வளரவில்லை. பயணிகள் இதைக் 'கெடாத இயற்கை' என்கின்றனர். அந்த இயற்கை கெடாமல் இருந்ததற்குப் பின்னால் நிலத்தின் மீதான அதிகாரத்தின் நீண்ட வரலாறு ஒன்று உள்ளது.

ரிஷிவந்தியத்திலிருந்து மலைக்கு

மலைக்குக் கிழக்கே சமவெளியில் அமைந்த ஊர் ரிஷிவந்தியம். ரிஷிகள் வந்தித்த, அதாவது வணங்கிய தலம் என்பது பெயருக்குக் கூறப்படும் பொருள். இங்குள்ள அர்த்தநாரீசுவரர் கோயிலில் இலிங்கத்துக்குத் தேனால் அபிஷேகம் செய்யும்போது அம்மையப்பர் உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ரிஷிவந்தியத்திலிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக மலையடிவாரத்தை அடையலாம். அடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. அங்கிருந்து மலைப்பாதை கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குச் செல்கிறது. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை.

சேலம் மாவட்டப் பகுதிக்கு ஆத்தூர்ப் பக்கமிருந்து செல்ல வேண்டும். அப்பகுதியின் முக்கிய ஊர் கருமந்துறை. அரசின் தோட்டக்கலைப் பண்ணை அங்கு உள்ளது.

மலையாளிகள்

இம்மலையின் பூர்வகுடிகள் 'மலையாளிகள்' என்று அழைக்கப்படுகின்றனர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வரும் பெயர் இது. கேரளத்து மலையாள மொழிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்களின் தாய்மொழி தமிழ். பெயரோடு கவுண்டர் என்னும் பட்டத்தைச் சேர்த்துக்கொள்கின்றனர். பட்டியல் பழங்குடியினராக அரசு இவர்களை அங்கீகரித்துள்ளது.

முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர்கள் தம் தெய்வத்தைச் சுமந்து வந்து, வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்று கதை கூறுகிறது. யார் எந்த மலைக்குச் சென்றார் என்பது மலைக்கு மலை மாறுபடுகிறது. கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் ஆகிய மலைகளின் மக்கள் தம்மை உறவினராகக் கருதுவதற்கு இக்கதை அடிப்படை. கல்வராயன் மலையின் முக்கிய தெய்வம் கரிராமன். கரியராமர் என்றும் வழங்குவர்.

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மரபான பயிர்கள். ஏர் பூட்டி உழக்கூடிய சமநிலம் உழவுக்காடு. சரிவில் மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் நிலம் கொத்துக்காடு. பிற்காலத்தில் மரவள்ளிக்கிழங்கு முக்கியமான பணப்பயிராயிற்று. தேன், கடுக்காய், புளி ஆகியவற்றைக் காட்டிலிருந்து சேகரித்தனர். தோல் பதனிடுவதற்கும் மருந்துக்கும் பயன்படுவதால் கடுக்காய்க்குச் சமவெளியில் எப்போதும் சந்தை இருந்தது.

ஜாகிர்தார்கள்

கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதி மூன்று ஜாகிர்தார்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரிய கவுண்டர் என்பவை அந்த ஜாகிர்களின் பெயர்கள். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் இந்த உரிமை வழங்கப்பட்டது என்று செவிவழிச் செய்தி உண்டு.

ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792இல் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. 1801இல் தென்னார்க்காடு வந்தது. சமவெளியில் நிலம் அளக்கப்பட்டு, குடியானவரிடமிருந்து அரசே வரி வாங்கும் ரயத்துவாரி முறை பரவியது. கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் உரிமை அப்படியே விடப்பட்டது. மலைவாழ் மக்களுக்கும் அரசுக்கும் இடையே ஜாகிர்தார் நின்றார். பயிரிடுபவரிடம் நில உரிமைப் பத்திரம் இல்லை. ஜாகிர்தாருக்கு வரி கொடுத்தனர். கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்தனர்.

ஏற்காட்டின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடச் செய்தார். தொடர்ந்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நிலம் பெற்றனர். காப்பியை இறக்குவதற்குச் சாலை வந்தது. தோட்டக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. தேவாலயமும் கோடைக்கால பங்களாக்களும் வந்தன. நீலகிரியிலும் இதேதான் நடந்தது. இந்தியாவின் பல மலைவாசத்தலங்கள் தோட்டப் பொருளாதாரத்தையோ ராணுவ ஓய்விடத்தையோ ஒட்டி உருவானவை. அவை உருவானபோது அங்கிருந்த பழங்குடிகள் தம் நிலத்தை இழந்தனர்.

கல்வராயன் மலையில் தோட்டக்காரர்கள் காலூன்றவில்லை. மலைக்காய்ச்சல் மீதான அச்சமும் இதற்குக் காரணம். ஆனால் அடிப்படையான காரணம் நிலம் ஜாகிர்தாரிடம் இருந்ததே. வெளியார் வராததால் மக்கள் மலையை இழக்கவில்லை. அதே காரணத்தால் சாலை, பள்ளி, மருத்துவமனை எதுவும் வரவில்லை. நிலமும் அவர்கள் பெயருக்கு வரவில்லை.

1976க்குப் பிறகு

சமவெளியின் ஜமீன்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. கல்வராயன் மலையில் ஜாகிர் ஆட்சி மேலும் ஏறத்தாழ முப்பதாண்டு நீடித்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல்தான் மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

ஜாகிர் நீங்கியபின் சாலைகள், உண்டு உறைவிடப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஏற்பட்டன. காட்டு விளைபொருட்களை வாங்கி விற்க மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. நிலப் பிரச்சினை தீரவில்லை. பலர் தலைமுறைகளாகப் பயிரிட்ட நிலம் அரசுப் பதிவேட்டில் காடாக இருந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இத்தகைய நிலங்களுக்கு உரிமை வழங்க வழி செய்தது. நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமை வழங்குவது 2016 வரை தடைப்பட்டது.

1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது மலையின் கிழக்குப் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானபின் மாவட்டத் தலைநகர் மலைக்கு அருகில் வந்தது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். அதைத் தொடர்ந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, ரேஷன் கடை ஆகியவை பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. ஜாகிர் ஆட்சி முடிந்து 48 ஆண்டுகளுக்குப் பிறகும் அவை கேட்க வேண்டிய கேள்விகளாகவே இருந்தன.

பார்க்க வேண்டிய இடங்கள்

மலையின் காடு உயரத்துக்கேற்ப மாறுகிறது. 400 மீட்டர் வரை முட்புதர்க்காடு. 400 முதல் 800 மீட்டர் வரை இலையுதிர்காடு. அதற்கு மேல் உள்ள பீடபூமியில் சோலைக்காடுகள் காணப்படுகின்றன. அடிவாரத்திலிருந்து வெள்ளிமலை நோக்கிச் செல்பவர் இந்த மாற்றத்தைப் பாதையோரத்திலேயே பார்க்கலாம்.

கரியாலூரில் படகுத்துறை உள்ளது. அரசின் கோடைவிழா அங்கு நடத்தப்படுகிறது. பெரியார் அருவி வெள்ளிமலைச் சாலையை ஒட்டி இருப்பதால் எளிதில் சென்றடையக்கூடியது. மேகம் அருவி, கவியம் அருவி, சிறுக்கலூர் அருவி ஆகியவை காட்டுக்குள் உள்ளன. அவற்றுக்குச் செல்ல நடக்க வேண்டும். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணையில்லாமல் செல்வது ஆபத்தானது. சேலம் மாவட்டப் பகுதியில் ஆத்தூருக்கு அருகே முட்டல் ஏரியும் ஆனைவாரி அருவியும் உள்ளன.

இந்த அருவிகள் மழையை நம்பியவை. கோடையில் பல அருவிகளில் நீர் மெலிந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதைத் தொடர்ந்த மாதங்களும் பார்ப்பதற்கு ஏற்றவை. கனமழை நாட்களில் காட்டாற்று வெள்ளம் திடீரென வரும் என்பதால் அருவிகளில் இறங்கக்கூடாது.

ஆறுகள்

கல்வராயன் மலையின் நீரே சமவெளியின் வேளாண்மைக்கு ஆதாரம். கோமுகி ஆறு மலையில் தோன்றி, 46 அடி உயரமுள்ள கோமுகி அணையில் தேங்குகிறது. மணி, முக்தா என்னும் ஆறுகள் இணைந்த மணிமுக்தா ஆற்றின் குறுக்கே 36 அடி உயரமுள்ள மணிமுக்தா அணை கட்டப்பட்டுள்ளது. கோமுகி மணிமுக்தாவில் கலக்கிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் நெல்லும் கரும்பும் மலைக்காட்டில் பெய்யும் மழையைச் சார்ந்துள்ளன.

சுற்றுலாவும் மக்களும்

கல்வராயன் மலையைச் சுற்றுலாத் தலமாக மேம்படுத்த வேண்டும் என்பது வட்டாரத்தின் நெடுங்காலக் கோரிக்கை. சாலை வந்தால் பயணியும் வருவார், பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும் பெண்ணும் அதே சாலையில் செல்வார் என்பது கோரிக்கையின் நியாயம். நில உரிமை உறுதியாகும் முன் விடுதிகள் வந்தால், ஏற்காட்டிலும் நீலகிரியிலும் தோட்டங்கள் வந்தபோது நிகழ்ந்த இழப்பு இங்கும் நிகழக்கூடும். பத்திரம் இல்லாதவரின் நிலம் முதலில் கைமாறும்.

மலைக்குச் செல்லும் பயணி செய்யக்கூடியவை சில உண்டு. தேன், சாமை, தினை, கடுக்காய் ஆகியவற்றை மலைவாழ் மக்களிடமோ அவர்களது கூட்டுறவுச் சங்கத்திலோ நேரடியாக வாங்கலாம். அருவிக்கு வழிகாட்டுபவருக்கு உரிய கூலி தரலாம். நெகிழிப் பைகளையும் கண்ணாடிப் புட்டிகளையும் ஓடைகளில் விடாமல் திரும்பக் கொண்டு வரலாம். ஓடையில் போடும் குப்பை கோமுகி அணைக்கும் அதற்குக் கீழே உள்ள வயல்களுக்கும்தான் வந்து சேர்கிறது.