நோன்பிலிருந்து பிறந்த உணவு முறை

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டி உண்ணும் ‘கீட்டோ’ உணவு முறை, உடல் இளைக்க விரும்புவோரின் வழியாகவே இன்று நம்மில் பலருக்கு அறிமுகமாகியுள்ளது. ஆனால் அது பிறந்தது அழகுக்காக அன்று. வலிப்பு நோயால் துன்புற்றோரின் துயர் தணிக்கவே பிறந்தது.

வலிப்பைத் தெய்வச் செயல் என்று பண்டைக் கிரேக்கர் அஞ்சினர். அதுவும் மற்ற நோய்களைப் போல் இயற்கைக் காரணம் உடையதே என்று, இப்போகிராத்தசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஒன்று ஏறத்தாழ கி.மு. 400-இல் வாதிட்டது. தீயிலும் தண்ணீரிலும் விழும் தன் மகனை ஆண்டவரிடம் கொணர்ந்த தந்தையை மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம். அங்கு ஆண்டவர் செபத்தின் ஆற்றலைக் குறிப்பிடுகிறார். மிகப் பழைய படிகள் சிலவற்றில் இல்லாத ‘நோன்பு’ என்னும் சொல்லும் ஏனைய பல படிகளில் அதனோடு இணைந்து வருகிறது.

நோன்பு வலிப்பைத் தணிப்பதாக 1911-இல் பிரான்சு நாட்டில் குவெல்பா, மாரி என்னும் மருத்துவர்கள் எழுதினர். ஆனால் வளரும் குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? இவ்வினாவுக்கு 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர் விடை கண்டார். உண்ணாதபோது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அப்போது கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்கள் மூளைக்கு எரிபொருளாகின்றன. கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்தால், உண்ணும்போதே நோன்பின் அந்நிலையை அடையலாம் என்றார் அவர்.

1938-இல் ஃபெனிட்டாயின் என்னும் மருந்து வந்தது. ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துக் கொடுப்பதைவிட மாத்திரை எளிதாயிற்று. உணவு முறை பின்தள்ளப்பட்டது. 1993-இல் ஜிம் ஆபிரகாம்ஸ் என்னும் திரைப்பட இயக்குநரின் கைக்குழந்தை சார்லிக்கு வலிப்பு கண்டது. மருந்துகளும் அறுவைச் சிகிச்சையும் பயன்தரவில்லை. தந்தையோ நூலகத்தில் தேடி இம்முறையை அறிந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவ்வுணவைத் தொடங்கியபின் குழந்தையின் வலிப்பு நின்றது. பிற பெற்றோரும் அறியும்பொருட்டு 1994-இல் மகன் பெயரால் அறக்கட்டளை ஒன்றை அவர் நிறுவினார். 2008-இல் இலண்டன் மருத்துவர்கள் 145 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மூன்று மாதங்களில், இவ்வுணவை உண்டோருள் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைந்திருந்தது. உண்ணாதோருள் 6 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது.

இது எல்லாருக்கும் ஏற்ற மருந்தன்று. மருத்துவரின் மேற்பார்வையின்றி மேற்கொள்ளத் தக்கதுமன்று. எனினும் இவ்வரலாறு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. வலிப்பு கண்ட பிள்ளையை மறைத்து வைப்பதும், மருத்துவரைத் தவிர்த்துப் பேயோட்டுவோரைத் தேடி அலைவதும் விசுவாசம் ஆகா. நற்செய்தியில் அத்தந்தை தன் மகனை மறைக்கவில்லை. கூட்டத்தின் நடுவே கொணர்ந்தார். ஒரு குழந்தையின் நலத்திற்காக நாள்தோறும் உணவை நிறுத்து வைக்கும் தாயின் பொறுமையும் நோன்பே. செபமும் மருத்துவமும் அந்த இல்லத்தில் கைகோத்து நிற்கட்டும்.