செவர்ன் ஆற்றுப் பரிசலும் திரேஸ்புரம் வள்ளமும்

போன மாதம் ஒரு காணொளி பார்த்தேன். இங்கிலாந்தின் செவர்ன் ஆறு. அயர்ன்பிரிட்ஜ் என்ற ஊர்ப்பக்கம் ஜாக்ஃபீல்டு என்னும் இடத்தில் தண்ணீர் பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. அதில் கயாக் ஓட்டுகிறவர்கள் கவிழ்வதும் நிமிர்வதுமாக வருகிறார்கள். அதே ஆறு மேலே ஷ்ரூஸ்பரி நகரத்தைச் சுற்றி வளைந்து சாதுவாகப் போகிறது. ஒரே ஆறுதான், இடத்துக்கு இடம் குணம் வேறு.

இதுக்கும் திரேஸ்புரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீர்கள். ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஒரு மனிதர்தான் சம்பந்தம்.

முத்து, சங்கு பற்றித் தேடுகிற யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. 1865-இல் பிறந்த ஆங்கிலேயர். முதலில் இலங்கையில் முத்துச்சிப்பி ஆராய்ச்சி, பிறகு சென்னை மாகாண அரசில் முத்து, சங்குக் குளிப்பு மேற்பார்வை. வேலை தூத்துக்குடியில். 1914-இல் சங்கு பற்றியும் 1922-இல் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்பு பற்றியும் எழுதினார். எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவே 1920-இல் வந்த, இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய நூல். குளியாட்களைக் கண்காணிக்க வந்தவரின் கண் படகின் மேலேயே இருந்திருக்கிறது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் மனிதர் சும்மா இருக்கவில்லை. பிரிட்டன் ஆறுகளில் 'கோரக்கிள்' தேடி அலைந்தார். கோரக்கிள் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஒகேனக்கல் பரிசலின் பங்காளிதான். வளைத்துப் பின்னிய சட்டம், மேலே தோலோ தார் பூசிய துணியோ. ஓர் ஆள் முதுகில் சுமந்துகொண்டு நடந்துவிடலாம். 1938-இல் அதைப் பற்றித் தனி நூலே போட்டார்.

அதில் ஆற்றுக்கு ஆறு கோரக்கிள் மாறுகிறது. செவர்னிலேயே அயர்ன்பிரிட்ஜுக்கு ஒரு வடிவம், ஷ்ரூஸ்பரிக்கு வேறொரு வடிவம். பக்கத்தில் வேல்ஸில் டைவி, டவி என்று இரண்டு ஆறுகள். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி. டைவியில் கோடைக்காலத்தில் ஆழமில்லாத பாறைத் தண்ணீர், அதனால் அடி தட்டை. டவியில் கடலேற்றம் வந்து போகிற அமைதியான தண்ணீர், அதனால் அடி உருண்டையாகவும் ஆழமாகவும் இருக்கும். தண்ணீர்தான் படகுக்கு அளவு சொல்லியிருக்கிறது.

இதைப் படித்தபோது நம்ம கரை நினைவுக்கு வந்தது. சென்னைக் கரையில் அலை முரட்டுத்தனமாக அடிக்கும். அங்கே ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். கட்டுமரமும் அப்படித்தான், ஏறிய தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும். தூத்துக்குடிக்கு வந்தால் எதிரே தீவுகள், பார்கள். கரையில் அலை அடங்கிக் கிடக்கும். இங்கே வள்ளம்.

திரேஸ்புரத்தில் ஒரு வயதான ஓடாவியிடம் இதைச் சொன்னேன். மரப்படகு வேலை விட்டு வருஷக்கணக்காச்சு அவருக்கு. சிரித்தார்.

"இத இங்கிலீஷ்காரன் சொல்லித்தான் தெரியணுமாக்கும்? தம்பி, சங்கு குளிக்கப் போற வள்ளம் ஓடுறதுக்கு மட்டுமில்ல, நிக்கணும். ஆளு ஒரு பக்கமா தொத்தி ஏறும்போது சாயப்படாது. வலைக்குப் போறதுக்கு வேற கணக்கு."

"அந்தக் கணக்கு எங்க எழுதி வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

தன் கையை விரித்துக் காட்டினார். சாண், முழம், விரல்.

அந்தக் கைதான் அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகிவிட்டது. குறை சொல்லவில்லை. மரம் விலை ஏறிப்போச்சு, ஃபைபர் இலேசு, மராமத்து குறைவு. கடலுக்குப் போகிறவர் எதை வாங்குவார்? ஆனால் ஒரே அச்சில் வார்த்த படகு எந்தக் கரைக்கும் போகும்போது, கரைக்குக் கரை மாறிய கணக்கு தேவையில்லாமல் போகிறது. தேவையில்லாததை யாரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அயர்ன்பிரிட்ஜிலும் கோரக்கிளை நம்பி இன்று யாரும் பிழைக்கவில்லை. ஆனாலும் கோரக்கிள் செய்த ஒரு குடும்பத்தின் பழைய கொட்டகையைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். வடிவம், அளவு எல்லாம் ஹார்னெல் நூலில் பத்திரமாக இருக்கிறது. நம்ம படகுகளுக்கும் அவர் கொஞ்சம் எழுதி வைத்துவிட்டுப் போனார், நூறு வருஷத்துக்கு முன்னால், இங்கிலீஷில்.

அடுத்த முறை போகும்போது அளவு நாடாவும் நோட்டும் கொண்டுபோகப் போகிறேன். ஓடாவி சம்மதித்திருக்கிறார், "மத்தியானம் சாப்ட்டுட்டு வா, வெயில்ல நிக்க முடியாது" என்ற நிபந்தனையோடு. உங்கள் வீட்டுப் புறவாசலிலோ மணலிலோ பழைய வள்ளம் ஏதாவது கவிழ்ந்து கிடந்தால், விறகுக்குப் போகுமுன் நீளம், அகலம், உயரம் மட்டுமாவது அளந்து வையுங்கள்.