ஒரு டாலர் கண்ணாடி

ஒரு டாலர் கண்ணாடி என்பது ஏழை நாடுகளில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே கண் சோதித்து, கண்ணாடி செய்து, குறைந்த விலைக்கு விற்கும் சமூகத் தொழில்முயற்சி. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 2012இல் பதிவுபெற்ற சங்கமாகத் தொடங்கியது. புர்கினா ஃபாசோ, மலாவி, பெனின், பொலிவியா, பிரேசில், இந்தியா உள்ளிட்ட நாடுகளில் பணிபுரிகிறது. இந்தியாவில் ஒடிசாவில் கால்பதித்தது. பல நாடுகளில் இப்போது 'குட்விஷன்' என்ற பெயரில் அறியப்படுகிறது.

நிறுவனர் மார்ட்டின் அவுஃப்மூத் கணிதமும் இயற்பியலும் கற்பித்த பள்ளி ஆசிரியர். கண் மருத்துவரோ கண்ணாடி வணிகரோ அல்லர். அமெரிக்க மனநல மருத்துவரும் வறுமை ஒழிப்புச் செயற்பாட்டாளருமான பால் போலக் 2008இல் எழுதிய நூலில், ஏழைகள் வாங்கக்கூடிய விலையில் கண்ணாடி ஏன் இல்லை என்ற கேள்வியைப் படித்தார். ஜெர்மானியக் கடைகளில் படிப்பதற்கான கண்ணாடி ஒரு யூரோவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. பணக்கார நாட்டில் மலிவாகக் கிடைப்பது ஏழை நாட்டில் கிடைக்காமல் இருப்பது அவரை உறுத்தியது. தம் வீட்டிலேயே பட்டறை போட்டுக் கம்பி வளைக்கத் தொடங்கினார்.

அப்படி உருவானது ஒரு வளைப்புக் கருவி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ 30 செ.மீ. உள்ள மரப்பெட்டிக்குள் அது அடங்கிவிடும். மின்சாரம் வேண்டாம். மெல்லிய ஸ்பிரிங் எஃகுக் கம்பியை அதில் கொடுத்துக் கையால் வளைத்தால் லென்ஸ் உட்காரும் வளையங்கள், மூக்குப் பாலம், காதில் மாட்டும் கைகள் எல்லாம் உருவாகும். தோலில் உராயும் இடங்களில் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை மாட்டுவார்கள். கம்பிச் சட்டகம் எல்லாம் ஒரே மாதிரி தெரியும் என்பதால் வண்ண மணிகளைக் கோத்து அழகு செய்வதும் உண்டு. இதை அற்பம் என்று தள்ளக் கூடாது. ஏழைக்கும் முகம் இருக்கிறது. அசிங்கமாகத் தெரிந்தால் கண்ணாடி பெட்டிக்குள்தான் கிடக்கும்.

லென்ஸ்கள் உள்ளூரில் செய்யப்படுவதில்லை. பாலிகார்பனேட்டில், கீறல் விழாத பூச்சுடன், 0.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) இடைவெளியில் வெவ்வேறு பவர்களில் ஆயத்தமாக வந்து சேர்கின்றன. பவரைக் கண்டுபிடித்ததும் உரிய லென்ஸை எடுத்து வளையத்துக்குள் கையால் அழுத்திப் பொருத்திவிடலாம். வாடிக்கையாளர் அப்போதே போட்டுக்கொண்டு போகலாம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து மூன்றுக்கும் இது போதும். சிதறல் பார்வைக்குப் போதாது. அதற்கான, கண்ணாடிக் கடைகளில் 'சிலிண்டர்' என்று சொல்லப்படும் பவருக்கு அச்சுக் கோணம் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனியாக வெட்டித் திருப்பிப் பொருத்த வேண்டும். இங்கே பயன்படும் கோள வடிவ லென்ஸுக்கு அந்தக் கோணமே கிடையாது. சிலிண்டரைக் கைவிட்டதால்தான் அரைவை இயந்திரம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், சந்தைத் திடலில் உட்கார்ந்தே கண்ணாடி செய்ய முடிகிறது. குறையும் மலிவும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை.

பெயரிலுள்ள ஒரு டாலர், மூலப்பொருளுக்கு ஆகும் செலவு மட்டுமே. விற்பனை விலை அந்தந்த நாட்டின் இரண்டு அல்லது மூன்று நாள் கூலிக்கு நிகராக வைக்கப்படுகிறது. கம்பி வளைப்பவர், கண் சோதிப்பவர், ஊர் ஊராக முகாம் நடத்துபவர் ஆகியோரின் சம்பளத்துக்கு விற்பனை வருவாய் கைகொடுக்கிறது. பயிற்சிக்கும் புதிய நாட்டில் தொடங்குவதற்கும் நன்கொடையே துணை. இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்போர் உண்டு. இலவசம் முகாமோடு முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கைமுறிந்த கண்ணாடியைச் சரிசெய்ய அந்த ஊரில் ஒருவர் பிழைப்பு நடத்திக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய கண்ணாடிகளைச் சேகரித்து அனுப்பும் தர்ம வழக்கமும் நெடுங்காலமாக இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படி வந்த கண்ணாடிகளில் சுமார் 7 விழுக்காடே பயன்படுத்தத்தக்கவை என்று கண்டது. பிரித்து, பவர் அளந்து, கழுவி, அனுப்பும் செலவைச் சேர்த்தால் புதிய ஆயத்தக் கண்ணாடியே மலிவு.

தேவை பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பார்வை அறிக்கைப்படி, வெள்ளெழுத்து இருந்தும் கண்ணாடி கிடைக்காமல் இருப்பவர்கள் மட்டும் ஏறத்தாழ 82.6 கோடிப் பேர். இதனால் ஏற்படும் பொருளாதார இழப்பைத் தெளிவாகக் காட்டியது அசாம் தேயிலைத் தொழிலாளர்களிடையே நடந்து 2018இல் வெளியான ஆய்வு. அதில் பயன்பட்டது இந்தக் கம்பிக் கண்ணாடி அல்ல, சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களில் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. எடைக்குக் கூலி வாங்குபவருக்கு அது நேரடியான வருமானம்.

இம்முயற்சி 2013இல் சீமென்ஸ் அறக்கட்டளையின் போட்டியில் முதற்பரிசையும், 2015இல் ஜெர்மன் தொழில்முனைவோர் விருதின் சிறப்புப் பரிசையும் பெற்றது. முதலில் வியக்க வைப்பது அந்த மரப்பெட்டிதான். உண்மையில் கடினமான வேலை பெட்டிக்கு வெளியே இருக்கிறது. கம்பி வளைக்கச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். கண் சோதிக்கும் கை பழக அதைவிட நீண்ட பயிற்சி தேவை. கண்புரை போல, கண்ணாடியால் தீராத கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தெரிந்து, அப்படிப்பட்டவரை விற்பனையை விட்டுக்கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவதும் அந்தப் பயிற்சியில் அடக்கம்.