விரல் தொட்டதும் விரல் தொடாததும்: இதயத் தழும்பின் கதை

பி.காம். படிக்கிறவனுக்கு இதயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் பாட்டி.

பாட்டிக்கு இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை போகும் ஒரு தழும்பு உண்டு. 1970களில் வேலூர் சி.எம்.சி.யில் செய்த ஆபரேஷன். "வால்வு ஒட்டிக்கினு இருந்துச்சு, டாக்டரு விரல வுட்டு பிரிச்சாரு" என்பார். கதை விடுகிறார் என்றே நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அப்படியே உண்மை!

சின்ன வயதில் வரும் ஒருவகைத் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தி, இதய வால்வையே தாக்கிவிடும். மைட்ரல் வால்வின் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்க வேண்டிய வாசல் 1 சதுர செ.மீ. ஆகச் சுருங்கும். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். நெருக்கடியான வீடுகளில் வளரும் ஏழைப் பிள்ளைகளுக்கே இது அதிகம் வருகிறது.

துடிக்கிற இதயத்துக்குள் விரலை விட்டு வால்வை விரிப்பதை 1925-ல் லண்டனில் ஹென்றி சௌட்டர் ஒரு பெண்ணுக்குச் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள். ஆனாலும் மற்ற டாக்டர்கள் அவரிடம் நோயாளிகளை அனுப்பவில்லை. 1948-ல்தான் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்கனும் அதை நிலைநிறுத்தினார்கள்.

அடுத்த ஆண்டே, 1949-ல், ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வேலூரில் நெஞ்சு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். பிறகு நடந்தது பெரிய சாதனை. 1956 முதல் 1980 வரை அங்கே இந்த முறையில் ஆபரேஷன் செய்துகொண்ட 3,724 பேரின் விவரங்களைத் தொகுத்து, ஸ்டான்லி ஜானும் உடன் வேலை செய்தவர்களும் 1983-ல் கட்டுரை வெளியிட்டார்கள். என் பாட்டியும் அப்படிப் பிழைத்தவர்களில் ஒருத்தி.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். போன வருடம் பாட்டிக்கு வேறொரு வால்வு, அயோர்டிக் வால்வு, சுருங்கியிருப்பது தெரிந்தது. ஆனால் பாட்டி நன்றாக நடக்கிறார், மூச்சு வாங்கவில்லை. இப்போதே மாற்றுவதா, காத்திருப்பதா? வீட்டில் ஒரே விவாதம். டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

வால்வை ஸ்கேனில் பார்த்தாகிவிட்டதே, இது எதற்கு? எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே மதிப்பு குறைந்துகொண்டே போகும். அதுபோலத்தான் இதுவும். குறுகிய வாசல் வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கும். ஒரு கட்டத்தில் தசை அணுக்கள் செத்து, அந்த இடத்தில் கொலாஜன் நிரம்பும். கொலாஜன் என்றால் எங்கள் ஆம்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. டேனரியில் பதப்படுத்துகிற தோல் முக்கால்வாசி அதுதான் :) தோலுக்கு அது பலம். சுருங்கி விரிய வேண்டிய தசைக்கோ அது சுமை.

முன்பு இந்தத் தழும்பை அளக்க வேண்டுமென்றால் தசையில் ஒரு துளி வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தழும்பு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது என்பதால், ஒரே ஒரு தோலைப் பார்த்து லாரி முழுவதற்கும் விலை சொல்வது போன்ற கணக்கு அது.

எம்.ஆர்.ஐ. இதை மாற்றியது. காடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது அணுக்களுக்குள் நுழையாது. நல்ல தசையில் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் சீக்கிரம் வெளியேறிவிடும். தழும்பில் இடைவெளி அதிகம், அங்கே தங்கிவிடும். பத்து நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் தழும்பு வெள்ளையாகத் தெரியும். பரவலான மெல்லிய தழும்பு இப்படித் தெரியாது. அதற்கு மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்து, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து, அணுக்களுக்கு வெளியே எத்தனை சதவீதம் இடம் என்று கணக்கிடுவார்கள். சுமார் 25 சதவீதம் இயல்பு.

2011-ல் எடின்பரோவைச் சேர்ந்த மார்க் டுவெக் குழு, இதயச் சுவரின் நடுவில் தழும்பு உள்ள அயோர்டிக் நோயாளிகளிடம் இறப்பு பல மடங்கு அதிகம் என்று காட்டியது. வால்வை மாற்றினால் பரவலான தழும்பு ஓரளவு குறைகிறது, நடுச்சுவர்த் தழும்பு மறைவதில்லை என்பதும் பிறகு தெரிந்தது. அப்படியானால் தழும்பு கண்டதும் மாற்றிவிடலாமா? 224 பேரிடம் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். உடனே மாற்றியவர்களில் 18 சதவீதம் பேரும், வழக்கம்போல் காத்திருந்தவர்களில் 23 சதவீதம் பேரும் இறந்தார்கள் அல்லது இந்த நோயால் திடீரென மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அளக்கத் தெரிந்துவிட்டது. அளந்ததை வைத்து எப்போது கத்தி எடுப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பாட்டியின் படத்தில் வெள்ளைக் கோடு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பாட்டி மட்டும், "அந்த டாக்டரு விரலாலயே கண்டுபுடிச்சாரு, இதுக்கு ஒரு மணி நேரம் குழாய்க்குள்ள படுக்க வெச்சிட்டாங்க" என்று அலுத்துக்கொண்டார். விரல் வால்வைத்தான் தொட்டது பாட்டி, தசைக்குள்ளே பார்க்கவில்லை என்றேன். காதில் வாங்கவில்லை.

நான் மருத்துவ மாணவன் அல்ல, பிழை இருந்தால் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பென்சிலினில் முடிய வேண்டிய விஷயம் அது. பாட்டியின் தழும்பு அங்கேதான் தொடங்கியது.