கல்லூரி மாணாக்கரும் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்பது பட்டம் பல பெற்று முதிர்ந்தார்க்கே உரியதென்றும், மாணாக்கர் பாடநூலை நெட்டுருச் செய்து தேறுதலே அமையுமென்றும் நம்மவருட் பலர் எண்ணியிருக்கின்றனர். சென்னை இராசதானிக் கல்லூரியின் வரலாறு இக்கொள்கைக்கு மாறாக நிற்றலை ஈண்டு எடுத்துக்காட்டப் புகுகின்றோம்.

சி. வி. இராமன் அக்கல்லூரியில் 1904-இல் பி. ஏ. தேறி, எம். ஏ. வகுப்பிற் பயின்றுவந்தார். பட்டகத்தின் கோணத்தை அளத்தல் மாணாக்கர் யாவரும் செய்யும் சோதனையே. அதனைச் செய்யுங்கால், பட்டகத்தின் முகத்திற் சாய்ந்து விழுந்து மீளும் ஒளியில் தோன்றும் பட்டைகள் இருமருங்கும் ஒத்திராமையை அவர் கண்டார். பிறரும் கண்டிருப்பர், கருவியின் குற்றமென்று விடுத்திருப்பர். இவரோ காரணத்தை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். அது 1906 நவம்பரில் இலண்டன் நகரத்துப் 'பிலசாபிகல் மாகசீன்' இதழில் வெளிவந்தது. அப்பொழுது அவர்க்கு வயது 18. பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்பறைக்குள் அடைத்துவையாது, விரும்பிய சோதனைகளைச் செய்துகொள்ள விட்டதே பேருதவியென்போம்.

இராமனுடைய தமையனார் மைந்தர் சந்திரசேகர் செய்தி இதனினும் வியப்புடையது. அவர் அப்பொழுது எம். ஏ. மாணாக்கரும் அல்லர், ஆனர்ஸ் வகுப்பினர். 1928-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையைக் கல்கத்தாவில் தம் சிற்றப்பனாரது ஆராய்ச்சிச் சாலையிற் கழித்தார். அவ்வாண்டிலேயே செருமானியப் பேராசிரியர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றினார். அவரது அணுநூலை முன்னரே கற்றிருந்த சந்திரசேகர், மறுநாள் அவர் தங்கிய விடுதிக்கே சென்று கண்டார். அந்நூலின் கொள்கைகள் பழமைப்பட்டனவென்று அதன் ஆசிரியரே கூறக் கேட்டு இளைஞர் திகைத்திருத்தல் வேண்டும். ஆயினும் சாமர்பெல்டு அவரை வறிதே அனுப்பவில்லை. உலோகங்களின் மின்னணுக்களைப் பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியைக் கையிற் கொடுத்தார். அறிமுகமில்லாத மாணாக்கனை வாயிற்கண்ணே நிறுத்தி மீட்டனுப்பும் பெரியார் நம் நாட்டில் மிகுதி; அது நிற்க.

அப்படியிற் கண்ட பெர்மி, டிராக் என்பாரது புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்திச் சந்திரசேகர் ஒரு கட்டுரை எழுதினார். அதே புள்ளியியலை விண்மீன்களுக்குப் பொருத்தியிருந்த கேம்பிரிட்சு பௌலர்க்கு அதனை விடுத்தார். 1929-இல் அது இராயல் சங்கத்து நடவடிக்கைகளில் வெளிவந்தது. எழுதியவர் இன்னும் பட்டம் பெறாதவர்!

1930 சூலை 31-ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறிய அவர், கடற்செலவின்போதே அப்புள்ளியியலைச் சார்பியற் கொள்கையொடு இயைத்து, வெண்குறுமீன்களின் பொருண்மைக்கு ஓர் எல்லையுண்டென்று கணக்கிட்டுக் கண்டார். விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1983-இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது.