மால்குடி: வரைபடத்தில் இல்லாத ஊரின் வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர், போர், ஆட்சிமாற்றம் ஆகியன நினைவுக்கு வருதல் இயல்பு. தபால்காரருக்கும் சாலையோரச் சோதிடருக்கும் அதில் இடம் கிடைப்பது அரிது. அவர்களுக்கு இடமளித்த ஊர் ஒன்று உண்டு. எந்த வரைபடத்திலும் இல்லாத மால்குடியே அது.

இராசிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1906இல் சென்னையில் பிறந்தவர் ஆர்.கே. நாராயண். அதே ஆண்டில் பிறந்த புதுமைப்பித்தன் நெல்லைத் தமிழைச் சிறுகதையில் ஏற்றினார். மைசூரில் வாழ்ந்த நாராயணோ ஆங்கிலத்தில் ஒரு கற்பனை ஊரைக் கட்டினார். 1930இல் விஜயதசமி நாளன்று ஒரு புகைவண்டி நிலையமாக அவர் மனத்தில் தோன்றிய அவ்வூர், 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் வழியே இலண்டனில் அச்சேறியது. இரண்டாம் உலகப்போர் இங்கிலாந்துப் பதிப்பாளர்களின் தொடர்பைத் துண்டித்தபோது, 1942இல் மைசூரில் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். அதன் வெளியீடாக 1943இல் 'மால்குடி நாட்கள்' சிறுகதைத் தொகுதி வெளிவந்தது.

இக்கதைகளில் பெருநிகழ்ச்சிகள் இல்லை. ஆயினும் காலனி ஆட்சி சிற்றூர் வாழ்வில் பதித்த தடங்களை அவற்றில் காணலாம். தபால்காரர் தானப்பா ஒரு வீட்டுக்கு வந்த மரணச் செய்தியை, அவ்வீட்டுத் திருமணம் முடியும்வரை தம்மிடமே வைத்துக்கொள்கிறார். சட்டப்படி அது குற்றம். ஊர் வழக்கப்படி அது உறவு. அரசுப் பணியாளர் ஒருவர் குடும்பப் பெரியவராகவும் விளங்கிய காலத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லுதல் கடினம்.

'லாலி ரோடு' கதை விடுதலைக்குப் பிந்தையது. நாட்டுப்பற்று மேலிட்ட நகரசபை தெருப்பெயர்களை மாற்ற, கடிதங்கள் வழிதவறுகின்றன. கொடுங்கோலன் எனக் கருதி அகற்றப்பட்ட வெள்ளையரின் சிலை, உண்மையில் ஊருக்கு நன்மை செய்த வேறொருவருடையது எனப் பின்னர்த் தெரியவருகிறது. பழமையை ஆராயாமல் அழிப்போர் தம் வரலாற்றையே இழப்பர் என்பதை நாராயண் நகைச்சுவையால் உணர்த்துகிறார்.

எனினும் ஓர் இழப்பையும் இங்குக் கருத வேண்டும். 1970இல் வெளிவந்த 'ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்' தொகுதியின் தலைப்புக் கதையில், தமிழ் மட்டுமே அறிந்த கிழவர் முனியும் ஆங்கிலம் மட்டுமே அறிந்த அமெரிக்கரும் ஒருவர் சொல் மற்றவர்க்கு விளங்காமலே நெடுநேரம் பேசுகின்றனர். அமெரிக்கர் கேட்பது மண்குதிரையை. முனி விற்பதாக எண்ணுவது ஆடுகளை. முனியின் தமிழும் நமக்கு ஆங்கிலமாகவே கிடைக்கிறது. அவர் பேச்சின் பொருள் எஞ்சியது, ஓசை எஞ்சவில்லை. 1986இல் சங்கர் நாக் ஆகும்பேயில் படமாக்கிய தொலைக்காட்சித் தொடரில் மால்குடி இந்தி பேசியது.

நாராயண் 2001இல் மறைந்தார். எளியோர் வாழ்வும் வரலாறே என்பதை மால்குடி மெய்ப்பித்துவிட்டது. அவ்வெளியோரின் சொல்லையும் தொனியையும் காப்பது அவரவர் தாய்மொழியில் எழுதுவோரின் கடன். தெருமுனைப் பேச்சுக்குச் செவிசாய்க்கும் கவிஞருக்கு அக்கடனில் பெரும்பங்கு உண்டு.